பணிப்பட்டியல்

மழைக்குத்தான் ஒதுங்கினேன்.
முகத்துவாரத்தில், டயர் கடைக்குப் பின்னால்
இப்படியொரு கோயில் இருப்பது
ஏழு வருடம் அந்தப் பாதையால் பஸ்ஸில் போய்வந்தும் தெரியாது.
உள்ளே பத்தொன்பது பேர்.
எண்ணுவது என் தொழில். துறைமுகத்துக் கிடங்கொன்றில்
பெட்டிகளை எண்ணுகிறேன்.

கடைசி வாங்கில் இருந்தேன்.
பக்கத்திலிருந்தவர் பாட்டுப் புத்தகத்தை
தனக்கும் எனக்கும் நடுவில் பிடித்தார்.
வரியை விரலால் காட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை.
அது பிடித்திருந்தது.

இந்த நகரத்தில் என்னைக் காண்கிறவர்கள்
முதலில் கேட்பது, சொந்த இடம் எது.
வீட்டுக்காரர் கேட்டார். வங்கியில் கேட்டார்கள்.
ஒரு காலத்தில் சோதனைச் சாவடியில்
டோர்ச் வெளிச்சத்தோடு கேட்டார்கள்.
ஆராதனை முடிந்ததும் மிஸிஸ் எபனேசர் கேட்டது:
"சீனி எத்தனை கரண்டி?"

அடுத்த ஞாயிறு மழை இல்லை.
ஆனாலும் போனேன்.
பணிஸுக்காக என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்பே உருவானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.
ஒரு மின்விசிறிக்காக ஒரு மாதம் சண்டை.
ஹட்சின்ஸ் அருளப்புக்கு அது சுற்ற வேண்டும்,
டெல்ராணிக்கு அதன் கீழே சளி பிடிக்கும்.
குருவானவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு
மெழுகுதிரி அணைகிறது என்று பொதுவாகச் சொல்வார்.
ஏழரை மணிச் சிங்கள ஆராதனைக்காரர்
கதிரைகளை அடுக்காமல் போகிறார்கள் என்று
ஒன்பதரை மணித் தமிழ் ஆராதனைக்காரருக்கு முறைப்பாடு.
அவர்களுக்கு, மேசைவிரிப்பில்
எங்கள் தேத்தண்ணிக் கறை.
எங்கள் என்று எழுதிவிட்டேன்.
இருக்கட்டும்.

மூன்றாம் மாதம் கதவில் பணிப்பட்டியல் ஒட்டியிருந்தது.
முதலாம் வாசகம், அருளப்பு.
காணிக்கை, பெரிய எபனேசரும் சின்ன எபனேசரும்.
கோப்பை கழுவுதல், கோமதி.
கோமதி யார் என்று கேட்டேன்.
"நீங்கள்தானே" என்றார்கள்.
என் பெயர் கோமளவல்லி.
சொல்லவில்லை. போய்க் கழுவினேன்.
இருபத்துமூன்று கோப்பை, ஒன்றுக்குப் பிடி இல்லை.

டெங்கு வந்து படுத்த கிழமை
நான்கு மாடி மூச்சிரைக்க ஏறி வந்தாள் டெல்ராணி.
ஹோர்லிக்ஸ் போத்தலில் பப்பாசி இலைச்சாறு.
இந்தப் படியைக் கட்டினவனை ஏசினாள்,
நுளம்பை ஏசினாள், மாநகர சபையை ஏசினாள்,
நான் குடித்து முடிக்கும்வரை
கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.
"ரெண்டு ஞாயிறாக் கோப்பையெல்லாம் அப்பிடியே கிடக்குது"
என்றாள் போகும்போது.
இதைப்போல் ஓர் ஆறுதலை
வேதத்திலிருந்து யாரும் எனக்கு
வாசித்துக் காட்டியதில்லை.

இன்னும் ஒன்று.
விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி
என் வாய்க்கு வராது.
எந்த வரி என்று சொல்லமாட்டேன்.
அங்கே வந்ததும், புத்தகம் பிடித்த அதே அருளப்பு
பக்கத்திலிருந்து இருமுவார்.
ஒரு வருடமாக, ஒவ்வொரு ஞாயிறும், அதே இடத்தில்.
பழைய நெஞ்சு, துறைமுகத்துத் தூசி
என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு அவர் இல்லை.
கண்ணாஸ்பத்திரியில் படுத்திருந்தார்.
எல்லோரும் எழுந்து நின்று சொல்லிக்கொண்டுபோக
அந்த வரியும் வந்தது.
என் மௌனம் வாங்கின் நீளத்துக்குக் கிடந்தது.

முன்வாங்கில் மிஸிஸ் எபனேசர் இருமினார்.
பிறகு டெல்ராணி.
பிறகு, ஏன் என்றே தெரியாமல்,
மணியடிக்க நின்ற பொடியன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
சளி என்றும் சொல்லலாம்.